குசுதாவுக்குக் கேட்காமல் போனது

கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கியதும் மிதோரி சான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஊரில் புளிப்பாக என்ன கிடைக்கும்?" என்பதுதான்.

எழுபதைத் தாண்டிய ஜப்பானியப் பெண்மணி. என் தோளுக்குத்தான் வருவார். கைப்பையில் உப்பில் ஊறிய பிளம் பழங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அது தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. வெளியே பழம் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பச்சைக் காயைக் கையில் எடுத்து "அம்பரெல்லா" என்றார். மிதோரி சான் ஆங்கிலத்தில் கொஞ்சம் தேறியவர். "குடையையா சாப்பிடுகிறார்கள்?" என்று என்னைப் பார்த்தார். மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய துண்டைக் கடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு, "இனி பயமில்லை" என்றார்.

நான் திருச்சிக்காரி. சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வெல்டிங், வார்ப்பு, தரப் பரிசோதனை, இவைதான் என் அன்றாடச் சொற்கள். கலை, நாடகம் என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. தமிழும் ஜப்பானிய மொழியும் தெரிந்த ஆள் வேண்டும், இலங்கை மலையகத்துக்கு வரவேண்டும், ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றார்கள். வேலை அவ்வளவுதான் என்றதும் ஆர்வம் தாங்காமல் ஒப்புக்கொண்டேன்.

கேள்வி ஒரு படத்தைப் பற்றியது. எழுபதுகளில் குசுதா என்ற ஜப்பானிய நாடகக்காரர் எடுத்தது. கறுப்பு வெள்ளை, ஒலி கிடையாது, சில நிமிடங்களே ஓடும். முதல் நாள் விடுதி அறையில் மிதோரி சான் தன் மடிக்கணினியில் காட்டினார்.

விடிந்தும் விடியாத வெளிச்சம். சரளைக்கல் முற்றத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கம்பளி போர்த்திய ஆண்கள், தலையில் சாக்கைக் கவிழ்த்த பெண்கள். எதிரே ஓர் இளம்பெண். தோட்ட நிர்வாகியான துரையின் தொப்பி அவள் தலையில், கைத்தடி அவள் அக்குளில். மார்பை நிமிர்த்தி இப்படியும் அப்படியும் நடக்கிறாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஓரிடத்தில் நிற்கிறாள். வாய் அசைகிறது. என்னவோ சொல்கிறாள். சிரிப்பு அணைகிறது. ஒரு பெண் திரும்பி நடக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் அத்தனை பேரும். கடைசியில் துரை வேடம் போட்டவளும் தொப்பியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். காலியான முற்றத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே நிற்கிறது. முடிந்தது.

"அவள் என்ன சொன்னாள்? அதுதான் கேள்வி" என்றார் மிதோரி சான். "குசுதா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி."

மறுநாள் ரயிலில் குசுதாவின் கதையைக் கேட்டேன். வடை விற்பவர்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாடிக்கொண்டே போக, இறால் வடையைத் தின்றபடி கேட்டதால் முன்பின்னாக இருக்கலாம்.

வடக்கு ஜப்பானில் ஒரு துறைமுக ஊர். முடிதிருத்துபவரின் மகன். தோக்கியோவுக்கு வந்து ஒரு பொதுக் குளியலகத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தவர், அங்கேயே நாடகம் போட ஆரம்பித்தார். நடிகர்கள் தொட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் கோட்டும் சூட்டுமாகச் சுவரோரம் நின்று வியர்த்து வழியவேண்டும். திரை வாங்க வசதியில்லாமல் வெந்நீர் ஆவியின் மேல் படம் காட்டினார். ஆவி கலைந்தால் கதாநாயகிக்குப் பாதி முகம்தான். இன்னொரு நாடகத்தில் பார்வையாளர்களை மேடையில் ஏற்றிவிட்டு நடிகர்கள் கீழே உட்கார்ந்து அவர்களையே வெறித்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் திட்டிவிட்டு வெளியேறினார்கள். மீதிப் பேர் மறுநாள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எழுதிவைத்த வசனம் அவருக்கு ஆகாது. நடிகருக்கு ஒரு பொருளையோ ஒரு வாக்கியத்தையோ கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். மீதியை அவர்களே கண்டுபிடிக்கவேண்டும்.

இலங்கைக்கு அவர் வந்தது ஒரு தேயிலை விளம்பரத்துக்காக. மிதோரி சானுக்கு அப்போது இருபது வயது. குசுதாவின் குழுவில் நடிகை, கேமரா உதவியாளர், சமையல்காரி, எல்லாமே அவர்தான். விளம்பரம் எடுத்து முடிந்தபின் மிஞ்சிய பிலிமில் தனக்காக ஒரு படம் எடுக்க நினைத்தார் குசுதா. ஒலிப்பதிவாளர் வயிற்றுப்போக்கோடு கண்டியில் படுத்துவிட்டார். கொழும்பிலிருந்து கூட வந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் தெரியும், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. படம் எடுத்து முடிந்ததும், "அவள் என்ன சொன்னாள்?" என்று துரையிடம் கேட்டார்கள். "ஒன்றுமில்லை, சோம்பேறிகள்" என்று சொல்லி அவர் பங்களாவுக்குச் சாப்பிட அழைத்துப்போய்விட்டார். அன்றைக்கே கொழும்புக்குக் கிளம்பவேண்டியிருந்தது.

"அதன்பின் அவர் எழுதிய எல்லா நாடகங்களிலும் ஒரு பெண் வருவாள்" என்றார் மிதோரி சான். "ஏதோ சொல்வாள், பார்வையாளர்களுக்குக் கேட்காது. மேடையில் இருக்கும் எல்லோரும் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணாக நடித்தது நான்."

"என்ன சொல்லி வாயசைத்தீர்கள்?"

"எங்கள் ஊர் ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். வேறென்ன செய்வது?"

அவர் அதைச் சொல்லி முடிக்கவும் எங்கள் ரயில், நிலையமே இல்லாத ஓர் இடத்தில் நின்றது. தண்டவாளத்தின் மேல் மரம் சாய்ந்து கிடக்கிறதாம். சிங்களத்தில் ஒருவர் சொல்ல, அடுத்தவர் தமிழில் எனக்குச் சொல்ல, நான் ஜப்பானிய மொழியில் சொல்ல, செய்தி மிதோரி சானிடம் போய்ச் சேர்வதற்குள் பெட்டியில் பாதிப் பேர் மூட்டைமுடிச்சோடு இறங்கிவிட்டார்கள். நாங்களும் இறங்கி ஈரப்புல்லில் வழுக்கியபடி பெருவழிக்கு ஏறி ஒரு பஸ்ஸைப் பிடித்தோம். நடத்துநர் மிதோரி சானைத் தூக்காத குறையாக உள்ளே ஏற்றி, முன்னிருக்கையிலிருந்த மூதாட்டியிடம் ஏதோ சொன்னார். மூதாட்டி நகர்ந்து இடம் விட்டார். "இந்தச் சின்ன அம்மா உங்கள் பக்கத்தில் பத்திரமாக இருப்பார்" என்று சொன்னதாகப் பின்னால் ஒருவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

ஹட்டனில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ஆக்னஸ் டீச்சர். பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவர். மிதோரி சான் முகநூலில் போட்டிருந்த அந்தப் படத்தின் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, பின்னால் தெரிந்த மலையின் வடிவத்தை வைத்துத் தோட்டத்தையும், துரை வேடம் போட்ட பாக்கியத்தையும் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் வீட்டில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைத்தன. சம்பலின் காரத்தில் எனக்கே மூக்கு ஒழுகியது. மிதோரி சான் இரண்டாவது தரம் போட்டுக்கொண்டார்.

"நீங்க பேசுறது எங்க ஆளுங்க பேச்சு மாதிரியே இருக்குங்க மிஸ்" என்றார் டீச்சர். எனக்கும் அதே வியப்பு. கடல் தாண்டி வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, முசிறி பஸ் நிலையத்தில் கேட்கும் தமிழைக் கேட்டேன்.

மூன்றாம் நாள் ஓட்டோவில் தோட்டத்துக்குப் போனோம். திம்புள்ளப் பக்கம் உள்ள மலை. ஆங்கிலத்தில் ஏதோ ஸ்காட்லாந்து ஊரின் பெயர். மக்கள் சொல்வது வெள்ளப்பாறைத் தோட்டம். பாதி வழியில் ஓட்டோவின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட, கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் கூடையை இறக்காமலேயே தள்ளிவிட்டுப் போனார்கள்.

பாக்கியம், லயம் என்று அவர்கள் சொல்லும் தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்றின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, இரும்பு போன்ற முன்கைகள். படத்தில் பார்த்த அதே நிமிர்ந்த தாடை. மிதோரி சான் இடுப்பு வளைய வணங்கியதும் அவரும் எழுந்து கும்பிட்டார். என்னைத்தான் முதலில் விசாரித்தார்.

"நீங்க இந்தியாவுல எங்கிட்டுங்க?"

"திருச்சிங்கம்மா. முசிறி."

"எங்கப்பாவப் பெத்தவரு தொட்டியம்னு சொல்லுவாரு. அது இன்னமும் இருக்கா?"

"எங்க ஊருக்கு அடுத்த ஊருதாங்க."

"அப்ப பக்கத்து ஊருக்காரவங்களாப் போயிட்டோம். உக்காருங்க."

பக்கத்து வீட்டுத் தவமணி பிளேன்டீ கொண்டுவந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். பால் கிடையாது, உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரை. கடித்துக்கொண்டே குடிக்கவேண்டும். திருச்சியில் பாலைக் காய்ச்சி அதில் தேயிலையைக் காட்டி எடுப்போம். தேயிலை மலையிலேயே இருப்பவர்கள் குடிப்பது தூள் தேநீர். நல்ல இலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகிறது. ஆனால் அந்தக் குளிருக்கு அதைப்போல எதுவும் இறங்கவில்லை.

நான் கேள்வியைக் கேட்டேன். அம்பது வருசத்துக்கு முன்ன, பெரட்டுக் களத்துல, தொப்பி போட்டுக்கிட்டு நீங்க என்ன சொன்னீங்க?

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைத்தான் அங்கே பெரட்டு என்கிறார்கள். பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நடிச்சவ நானு. படத்த நான் பாத்ததில்ல. ஜப்பான்ல இருக்கவங்க எல்லாம் பாத்திருக்காங்க. மொதல்ல எனக்குக் காட்டுங்க. அப்புறமாச் சொல்றேன்."

மொழிபெயர்த்தேன். மிதோரி சானின் முகம் சிவந்துவிட்டது. "அவர் சொல்வதுதான் முறை" என்றார்.

நான்காம் நாள் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் படம் போட்டோம். சன்னல்களை உரச்சாக்கால் மூடினோம். வெள்ளை வேட்டியைச் சுவரில் அடித்தோம். மிதோரி சான் கையோடு கொண்டுவந்த சின்ன ஒளிவீழ்த்தியை டீச்சர் ஒரு எண்ணெய் டின்மேல் வைத்தார். தோட்டமே வந்துவிட்டது.

படம் தொடங்கிய நொடியே ஒலியில்லாத படத்துக்கு ஒலி வந்துவிட்டது. "அந்தா பாரு, நம்ம ராமையா மாமா!" "அய்யோ, அப்பவே வழுக்க!" "அது யாரு, மூக்குத்தி போட்டுக்கிட்டு?" "எங்க அத்தை, எங்க அத்தை!" பாக்கியம் திரையில் மார்பை நிமிர்த்தி நடந்தபோது சிரிப்பில் வேட்டி ஆடியது. பாக்கியமே வாயைப் பொத்திக்கொண்டு, "ரொம்பத்தான் மெதப்பு எனக்கு" என்றார். தோக்கியோவில் இந்தப் படத்தை மூச்சுவிடாமல் பார்ப்பார்கள் என்று மிதோரி சான் சொல்லியிருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் பாக்கியம் நின்றாள். அவளுக்கு எதிரே, வரிசையில், சாக்கைத் தலையில் போட்ட ஒரு பெண். கன்னம் ஒட்டிய முகம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை நான் அவளைக் கவனித்ததே இல்லை.

"அது எங்கம்மா" என்றார் தவமணி.

திரையில் அந்தப் பெண்தான் முதலில் திரும்பி நடந்தாள். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். தொப்பி தரைக்கு வந்தது. படம் முடிந்தபின் யாரோ உரச்சாக்கை விலக்கினார்கள். பாக்கியம் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"தவமணியோட அம்மா செல்லம்மாக்காவுக்குப் பொறந்த புள்ள, படம் புடிச்சதுக்கு மொத நாளு செத்துப்போச்சுங்க. பொறந்து ஒரு மாசங்கூட ஆகல. ஆம்பளப் புள்ள. காலையில அடக்கம் பண்ணணும், லீவு வேணும்னு துரைகிட்ட போயிக் கேட்டாங்க. நாளைக்கு ஜப்பான்காரங்க படம் புடிக்கிறாங்க, ஒரு ஆளும் கொறையக் கூடாது, அந்திக்கு வேல முடிஞ்சு பொதச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. செல்லம்மாக்காவையும் பெரட்டுக்கு வரவச்சுட்டாங்க. பச்ச ஒடம்புக்காரி."

நான் வாக்கியம் வாக்கியமாக மிதோரி சானுக்குச் சொன்னேன்.

"படம் புடிக்க வந்தவரு வரிசையப் பாத்துக்கிட்டே வந்து எந்தலையில தொப்பிய வச்சாரு. நீதான் துரைன்னு கையால காட்டுனாரு. வேற ஒண்ணும் சொல்லல. எனக்குச் சிரிப்பு. துரை நடக்குற மாதிரி நடந்து காட்டுனேன். அப்புறம் செல்லம்மாக்கா முன்னால வந்து நின்னேனா, சிரிப்பு நின்னுபோச்சு. இப்ப நாந்தான துரை? நான் சொன்னா செல்லும்தானன்னு மனசுல பட்டுச்சு. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

பாக்கியம் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடியதாக அது இல்லைபோலும்.

"இன்னைக்கு மலைக்குப் போவேணாம். எல்லாரும் அடக்கத்துக்குப் போங்க. எல்லாருக்கும் முழுப் பேரு. செல்லம்மா மகனுக்கும் ஒரு பேரு."

தொழிற்சாலையில் எந்தச் சொல்லுக்கும் நான் தயங்கியதில்லை. இங்கே தயங்கினேன். மலைக்குப் போவதென்றால் கொழுந்து வேலைக்குப் போவது, தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேரு' என்று சொல்வார்கள் என்று டீச்சர் விளக்கினார். முழுநாள் கூலி விழுந்தால் முழுப் பேரு, பாதி நாளென்றால் அரைப் பேரு. மிதோரி சானிடம் அதைச் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்கே பெயர் என்றும் பொருள் உண்டு என்றேன்.

"குழந்தைக்குக் கொடுத்தது எது? கூலியா, பெயரா?"

பாக்கியத்திடம் கேட்டேன்.

"அதுக்குப் பேரே வைக்கலைங்க. முப்பதாம் நாளு வைக்கலாம்னு இருந்தாங்க. பெரட்டுல பேரு விழுந்தாத்தான தோட்டத்துல ஒரு ஆளு? அவனும் எங்க ஆளுதான. அதான் சொன்னேன்."

இரண்டும்தான் என்று சொன்னேன். மிதோரி சான் தலையசைத்தார்.

"துரை என்ன செய்தார்?" என்று அவரே அடுத்துக் கேட்டார்.

"மொகம் செவந்துபோச்சு. ஒரு எட்டு முன்னால வச்சாரு. படம் புடிக்கிறவரு கைய நீட்டித் தடுத்துட்டாரு. வெளிநாட்டு ஆளு தடுக்கயில என்னா செய்வாரு? நாங்க பாட்டுக்குப் போயிட்டோம். புள்ளைய நல்லபடியா அடக்கம் பண்ணுனோம். மறுநா எனக்கு வேல இல்லைன்னுட்டாங்க. ஒரு மாசமோ என்னமோ. லயத்துல வீட்டுக்கு ஒரு நேரம் சாப்பாடு போட்டாங்க. எங்க வீட்டுல தின்னதவிட நல்லாத்தான் தின்னேன்."

சிலர் சிரித்தார்கள். மிதோரி சான் சிரிக்கவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல, நான் ஒரு சொல்லையும் விடாமல் சொல்லவேண்டும் என்ற முன்னறிவிப்போடு பேசினார்.

"கையை நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. காட்சி கெட்டுவிடும் என்றுதான் தடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. இன்னொன்றும் நினைவிருக்கிறது. முதல் நாள் மாலை பங்களாவில், 'நாளை ஒருவர்கூடக் குறையாமல் எல்லோரும் வேண்டும்' என்று துரையிடம் கேட்டவர் குசுதாதான். நான் பக்கத்தில் இருந்தேன். உங்களுக்கு லீவு கிடைக்காமல் போனது எங்களால்."

தவமணி காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

பாக்கியம்தான் வாய் திறந்தார். "அவருதான் கெடுத்தாரு, அவருதான் தொப்பியும் குடுத்தாரு. அத என்னான்னு கணக்குப் பாக்குறது? சாப்பிட வாங்க."

சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல். மிதோரி சான் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். திரும்பும் வழியில் பிளம் டப்பாவைத் திறக்கவேயில்லை.

மறுநாள் காலையில் தவமணி ஹட்டனுக்கே வந்துவிட்டார். நல்ல சேலை, கையில் குடை. டீச்சர் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே சொன்னார்.

"அந்தப் படத்த வெளியில காட்டாதீங்க. எங்கம்மா அன்னைக்கு நின்ன நெலமைய ஜப்பான்ல இருக்கவங்க டிக்கெட்டு வாங்கிப் பாக்கணுமா?"

எனக்கு விஷயம் தெரியும். வருகிற வசந்தத்தில் தோக்கியோவில் குசுதாவின் நாடகங்களையும் படங்களையும் ஒரு வாரம் காட்டப் போகிறார்கள். இந்தப் படத்தை ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். விழாவே இந்தப் படத்தில்தான் தொடங்குகிறது. அதற்காகத்தான் மிதோரி சான் இவ்வளவு தூரம் வந்ததே. தவமணி சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தேன்.

"அப்படியானால் காட்டமாட்டோம்" என்றார் மிதோரி சான்.

அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று தவமணியும் எதிர்பார்க்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது.

"காட்டலைன்னா படம் என்னாகும்?"

"பெட்டியில் இருக்கும்."

"எங்கம்மாவும் பெட்டிக்குள்ளயே இருப்பாங்களா?"

நான் சொன்னதைக் கேட்டு மிதோரி சான் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டார். தவமணி உட்கார்ந்தார். இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார்.

மடிக்கணினியில் போட்டோம். பாக்கியம் நின்ற இடத்தில் மிதோரி சான் படத்தை நிறுத்தினார். தவமணி திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். பெருவழியில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"எங்கம்மா இவ்வளவு உசரமா?" என்றார். "எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து கூனிக்கிட்டுத்தான் நடப்பாங்க. ஒரு போட்டோ கெடையாது. இவ்வளவு உசரம்னு எனக்குத் தெரியவே தெரியாது."

ஆக்னஸ் டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் போயிருப்பேன், மொழிபெயர்ப்பாளர் போகமுடியாது.

நிறுத்திய படத்தை ஓடவிடச் சொன்னார் தவமணி. அவர் அம்மா திரும்பி நடந்தார். கடைசிவரை பார்த்துவிட்டுத் தவமணி சொன்னார்:

"சத்தம் இல்லாமக் காட்டாதீங்க. பாக்கியமக்கா சொன்னது எல்லாருக்கும் கேக்கணும். இல்லைன்னா எங்கம்மா என்னமோ கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு. அவங்க புள்ளையப் பொதைக்கப் போறாங்க. அது தெரியணும். சத்தத்தோட மொதல்ல எங்க தோட்டத்துல காட்டிட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க."

குசுதாவின் படத்துக்கு ஒலி சேர்ப்பதா? தோக்கியோவில் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா என்று மிதோரி சானிடம் கேட்டேன்.

"வருவார்கள். வரட்டும். தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டவர் குசுதா. மீதி அவளுடையது. அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

சனிக்கிழமை. பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார் டீச்சர். கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு. மேசைமேல் மடிக்கணினி, அதன் முன் ஒரு ஒலிவாங்கி. பாக்கியம் தோட்டத்திலிருந்து வரும்போதே இஞ்சி போட்ட தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தார், குரலுக்கு நல்லதாம். தவமணியும் கூட வந்திருந்தார்.

பாக்கியத்துக்கு ஒரு சந்தேகம். "கொமரி வாயில கெழவி பேசுனா சனங்க சிரிக்கமாட்டாங்களா?"

"இந்தக் குரலைத்தான் குசுதா கேட்டிருப்பார்" என்றார் மிதோரி சான். "நடிகையை வைத்துப் பேசவைக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்."

முதல் தடவை பாக்கியம் முந்திக்கொண்டார். திரையில் அவள் வாய் திறப்பதற்குள் பேசி முடித்துவிட்டார். இரண்டாம் தடவை இருமல். அடுத்த தடவை பேச்சு அச்சாகப் பொருந்தி வந்தது, ஆனால் "முழுப் பேரு" என்ற இடத்தில் வெளியே ஒரு லாரி அலறியது. "எத்தன பேரு வந்தாலும் அரப் பேருதான் போடுவானுக போல" என்று பாக்கியம் சலித்துக்கொள்ள, சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மிதோரி சானின் பிளம் பழத்தில் ஒன்றை வாங்கி வாயில் போட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்து, "இத மனுசன் திம்பானா?" என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மிதோரி சானுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவுமில்லை.

பிறகு பாக்கியம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். நின்றுதான் சொல்லவேண்டும் என்றார். டீச்சர் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்தார். தவமணி மடிக்கணினிக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். மிதோரி சான் படத்தை ஓடவிட்டார்.

முற்றம். வரிசை. நடை. சிரிப்பு. நின்றாள்.

"இன்னைக்கு மலைக்குப் போவேணாம்" என்றார் பாக்கியம். உரக்கச் சொல்லவில்லை. எதிரே நிற்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். திரையில் அந்த உதடுகளும் அப்படித்தான் அசைந்தன. "எல்லாரும் அடக்கத்துக்குப் போங்க. எல்லாருக்கும் முழுப் பேரு. செல்லம்மா மகனுக்கும் ஒரு பேரு."

செல்லம்மா அசையாமல் நின்றிருந்தார். ஒரு விநாடி இருக்கலாம், இரண்டு இருக்கலாம். துரையின் சொல் கிடைத்த பிறகும் போகலாமா என்று தெரியாததுபோல.

"போம்மா" என்றார் தவமணி, திரையைப் பார்த்து. "போ."

செல்லம்மா திரும்பி நடந்தார். பின்னால் எல்லோரும் நடந்தார்கள்.

தவமணியின் குரலும் பதிவில் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று மிதோரி சானிடம் கேட்டேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே வேண்டாம் என்று தலையசைத்தார்.